கன்னாபினால்: பெயரும் பிறப்பும்

கஞ்சாச் செடியின் பிசினிலிருந்து இதுகாறும் நூற்றுக்கு மேற்பட்ட தனிப்பொருள்கள் பிரித்தறியப்பட்டுள்ளன. அவற்றுள் பலரும் அறிந்தவை இரண்டு. ஒன்று மயக்கந்தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால்; மற்றொன்று மயக்கந்தாராத கன்னாபிடையால். இவ்விரண்டற்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே தூய நிலையிற் கண்டறியப்பெற்றது கன்னாபினால் என்னும் மூன்றாவதொரு பொருள். இவ்வினப் பொருள்கள் அனைத்தும் இன்று 'கன்னாபினாய்டு' எனப் பொதுப்பெயர் பெற்று வழங்குவதும் இதன் பெயரை அடியாகக் கொண்டேயாம். முதலிற் காணப்பட்டமையின் இதுவே மூலப்பொருள் எனப் பலர் நெடுநாள் கருதினர். உண்மையோ நேர்மாறானது. உயிருள்ள பசுஞ்செடியில் இஃது இல்லை என்னும் அளவுக்கே உள்ளது. செடியை அறுத்து, உலர்த்தி, நெடுநாள் வைத்த பின்னரே இது பெருகுகின்றது. முதலில் அறியப்பட்டது இறுதியிற் பிறந்ததாய் இருந்த இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதனால் வரலாற்றாய்வார்க்கு விளைந்த பயனையும் இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுகின்றோம்.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு முதற்கண் வேண்டப்படுகின்றது. நாருக்காக வளர்க்கப்படும் கஞ்சாச் செடி வகையைச் 'சணல்' எனப் பெயர்ப்பாரும் உளர். தமிழ் வழக்கில் சணல் என்பது சாக்கு நெய்யும் வங்காளச் செடியையும், சணப்பு அல்லது சணப்பை என்பது பசுந்தழை உரத்துக்கு விதைக்கும் பிறிதொரு செடியையும் குறிக்கும். இவ்விரண்டும் கஞ்சாச் செடியோடு உறவற்றவை. ஆதலின் நாருக்குரிய வகையை 'நார்க்கஞ்சா' என்றே யாம் வழங்குவோம். செடியின் பூந்தலை கஞ்சா, இலை பங்கி, திரட்டிய பிசின் சரசு என்பது இந்திய வழக்கு. ஆய்வாளர் கைக்கு முதலிற் சென்றவை இவற்றுள் கஞ்சாவும் சரசுமே.

இனிப் பொருளின் இயல்பைக் காண்போம். கன்னாபினாலின் ஒரு மூலக்கூற்றில் 21 கரியணுக்களும், 26 ஹைட்ரஜன் அணுக்களும், 2 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. மயக்கந்தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலிலோ கரியும் ஆக்சிஜனும் அவ்வளவே. ஹைட்ரஜன் மட்டும் 30. ஆக, நான்கு ஹைட்ரஜன் அணுக்களே இரண்டற்கும் உள்ள வேறுபாடு. செடியானது தன் சுரப்பு மயிர்களில் முதற்கண் ஓர் அமிலத்தை ஆக்குகின்றது. அவ்வமிலம் உலர்வாலும் வெப்பத்தாலும் கரியமில வாயுவை இழந்து மயக்கப் பொருளாகின்றது. அப்பொருள் காற்றும் ஒளியும் வெப்பமும் படப்பட நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து, அதன் வளையங்களுள் ஒன்று நிலைபேறுடைய நறுமண வளையமாகிக் கன்னாபினால் என நிற்கின்றது. அமில நிலையிலேயே இம்மாற்றம் நிகழ்தலும் உண்டு. கன்னாபினாலை ஆக்குதற்கென்று செடியில் தனி நொதி எதுவும் இல்லை. இதனை ஆக்குவது காலமே என்று கூறினும் மிகையாகாது.

இம்மாற்றம் வேதியியலார்க்குத் தெரியவருமுன்பே மருத்துவர்களை அலைக்கழித்தது. அயர்லாந்து நாட்டினரான வில்லியம் புரூக் ஓஷானசி என்பார் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியற் பேராசிரியராய் இருந்த காலத்தில், நாட்டு மருத்துவர்களைக் கேட்டறிந்தும், விலங்குகளிடத்தும் நோயாளரிடத்தும் ஆய்ந்தும், 1839-இல் கஞ்சாவைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். வாதநோய், வாந்திபேதி, இசிவுநோய் ஆகியவற்றில் அவர் அதனைக் கையாண்டார். பின்னர் இங்கிலாந்து சென்றபோது அவர் கொண்டுபோன சரக்கிலிருந்து இலண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்கொயர் ஒரு வடிசாற்றை ஆக்கி விற்றார். ஐரோப்பிய மருத்துவத்தில் கஞ்சா புகுந்த வழி இதுவே.

ஆயின் அம்மருந்து ஒருகால் நன்கு வேலைசெய்தது. ஒருகால் வாளா இருந்தது. ஒருகால் அளவுக்கு மிஞ்சித் தாக்கியது. விக்டோரியா அரசியின் அரண்மனை மருத்துவருள் ஒருவராகிய ரசல் ரெனால்ட்ஸ், முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட தம் பட்டறிவைத் தொகுத்து 1890-இல் எழுதிய கட்டுரையில், மருந்தின் வலிமை ஒருநிலைப்படாமையையே பெருந்தடையாகக் கூறினார். வங்காளத்தில் அறுத்த பூந்தலை கிட்டங்கிகளிற் கிடந்து, கப்பலேறி, மருந்துக்கடைப் புட்டியுட் புகும்வரை எத்தனை திங்கள் கழிந்தன என்பதை எம்மருத்துவரும் அறிந்திலர். ஓபியத்திற்கு மார்பின் கிடைத்தது போல இதற்கும் ஒரு காரப்பொருள் கிடைக்கும் என எதிர்பார்த்தோர் பலர். அப்படிச் சில பெயர்கள் வந்தும் போயின. அவை இங்கு வேண்டா. 1932-இல் பிரித்தானிய மருந்துநூலிலிருந்தும், 1942-இல் அமெரிக்க மருந்துநூலிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது. சட்டத்தின் கெடுபிடியே இதற்குக் காரணமெனப் பொதுவாக எழுதுவர். அதற்கு முன்பே மருத்துவர் நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்பதும், அத்தளர்ச்சிக்குச் சரக்கின் பழமை ஒரு காரணம் என்பதும் எம் கருத்து.

இலண்டன் மருத்துவர் அறியாத இதனை வங்காள வணிகரும் ஆயத்துறையினரும் நன்கு அறிந்திருந்தனர். இராசசாகி மாவட்டத்து நவகாவ் என்னுமிடம் (இன்று வங்காள தேசத்தில் உள்ளது) கஞ்சாப் பயிருக்குப் பேர்பெற்றது. ஆண்டு கழியக் கழியக் கஞ்சா வலிமை குன்றும் என்பதும், மிகப் பழையது விற்பனைக்கு உதவாது என்பதும் அங்குப் பொதுவாகத் தெரிந்த செய்திகள். அத்தகைய பழஞ்சரக்கை எரித்தலும் உண்டு. கல்கத்தா அரசுப் பூங்காவைச் சார்ந்த டேவிட் பிரெயின், கஞ்சாப் பயிரையும் பயனையும் பற்றி 1893-இல் அளித்த அறிக்கையில் இச்சிதைவையும் எடுத்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே மாக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சாப் பொருள் ஆணையம் அமைந்தது. அது 1893-94-இல் 1,193 சான்றினரை உசாவிப் பல தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டது.

அவ்வாணையத்துக்காகச் சரக்குகளை வேதியியல் முறையில் ஆய்ந்தாருள் ஒருவர் நம் உதகமண்டலத்தில் பணியாற்றியவர் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர் அறிதல் தகும். சென்னை அரசின் கொயினா ஆய்வாளரான டேவிட் ஹூப்பரே அவர். டைமாக்கு, வார்டன் என்பாரோடு இந்திய மூலிகைகளைப் பற்றிய பெருநூல் செய்தவர். பல மாகாணங்களிலிருந்து வந்த கஞ்சாவிலும் பங்கியிலும் சரசிலும் பிசின் நூற்றுக்கு எத்துணை என்பதை அளப்பதே அக்காலத்து முறை. அம்முறைக்கு ஒரு குறை உண்டு. மயக்கப் பொருளும் பிசினிற் கரைந்தே வரும். அது சிதைந்து பிறந்த கன்னாபினாலும் பிசினிற் கரைந்தே வரும். தராசில் இரண்டும் ஒன்றே. வணிகன் மூக்கும் நாவும் கொண்டு உணர்ந்த பழமையைத் தராசு உணரவில்லை.

இந்நிலையிற்றான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்னும் மூவர் சரசை ஆயத் தொடங்கினர். சரசு என்பது எவ்வகைச் சரக்கு என்பதை இங்குச் சிறிது நினைத்தல் வேண்டும். வட இந்தியாவில் விற்ற சரசு பெரும்பாலும் நடு ஆசியாவின் யார்க்கந்துப் பகுதியில் திரட்டப்பட்டுக் காரகோரக் கணவாய்கள் வழியே லே நகரத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஓசியார்ப்பூர், அமிர்தசரசு முதலிய சந்தைகளை அடைந்தது. பொதிவிலங்குகளின் முதுகில் வெயிலும் பனியும் பட்டு வந்த அச்சரக்கு, பிறகு கிட்டங்கியில் எவ்வளவு காலம் கிடந்ததோ! இத்தகைய வாணிகச் சரக்கு கடல் கடந்து ஆய்வுக்கூடத்தை அடைகின்றபோது அதன் மயக்கப் பொருளில் ஒரு பகுதி கன்னாபினாலாய் மாறியிருத்தல் இயல்பேயாம்.

1896-இல் அம்மூவர் பிசினை ஈதரிற் கரைத்து, அழுத்தங் குறைத்துக் காய்ச்சி வடித்தனர். முதலில் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களும், மெழுகு போன்றதொரு பொருளும் பிரிந்தன. இறுதியில் 20 மில்லிமீட்டர் அழுத்தத்தில் 265 பாகையை ஒட்டிக் கொதிக்கும் செந்நிறத் தடித்த எண்ணெய் ஒன்று கிடைத்தது. சரசில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. அதற்கே அவர்கள் 'கன்னாபினால்' எனப் பெயரிட்டனர்.

அச்செவ்வெண்ணெய் வேலைசெய்யும் பொருளா என்பதைக் கேம்பிரிட்ஜ் மருத்துவ ஆய்வாளர் மார்ஷல் தம் உடம்பிலேயே சோதித்தார். வேறொரு வேதிப்பொருளை வடிப்பதற்குக் கருவிகளைப் பூட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கண்ணாடிக் கோலின் நுனியிலிருந்து 0.1 முதல் 0.15 கிராம் வரை உட்கொண்டார். நெடும்பொழுது கழியுமுன்னரே நாவறட்சியும், அடக்கவொண்ணாச் சிரிப்பும் தோன்றின. யாவற்றினும் வியப்பாக அவர் பதிவுசெய்தது, முன்னும் பின்னும் இல்லாத நிகழ்காலத்தில் தாம் நிற்பது போன்ற கால உணர்வின் அழிவு. 1897-இல் இச்செய்தி வெளிவந்ததும், கஞ்சாவின் உயிர்ப்பொருள் கன்னாபினாலே என்பது நிலைபெற்றது போலாயிற்று. செவ்வெண்ணெய் ஒரு கலவை என்பதும், மார்ஷலை மயக்கியது அதனுள் எஞ்சியிருந்த பிறிதொரு பொருள் என்பதும் அன்று தெரியவில்லை.

1899-இல் அம்மூவர் எண்ணெயினின்று அசெட்டில் சேர்ந்த ஒரு படிகத்தைப் பிரித்தனர். அஃது ஏறத்தாழ 75 பாகையில் உருகியது. அதனைப் பிரித்துப் பெற்ற தூய பொருளுக்கு 21, 26, 2 என்னும் அணு எண்ணிக்கையைச் சரியாகவே கணித்தனர். இங்கே நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். கலவைக்கு இட்ட பெயரைக் கலவையிலிருந்து படிகமாய்ப் பிரிந்த ஒரு கூற்றுக்கு மாற்றியளித்தனர். படிகமாகும் தன்மை உடையது எதுவோ அதுவே கைக்கு அகப்பட்டது. மயக்கந்தருவதோ படிகமாகாப் பசையாய் நின்று நழுவியது. பழஞ்சுவடிகளை ஆய்வார்க்கு இது புதிதன்று. பிற்காலப் படியெடுப்பாளர் கைப்பட்டுத் தெளிவாய் எழுதப்பெற்ற திரிபாடம் முதலிற் கிட்ட, சிதைந்த ஏட்டில் ஒளிந்துகிடக்கும் மூலபாடம் பின்னர்க் கிட்டுதல் உண்டன்றோ?

அம்மூவர் கூட்டு அத்துடன் கலைந்தது. ஈஸ்டர்ஃபீல்டு நியூசிலாந்து சென்று வெலிங்டனிற் பேராசிரியரானார். வுட் கேம்பிரிட்ஜிலேயே வேளாண்மைத் துறையிற் பேராசிரியராய்ப் புகழெய்தினார். ஸ்பைவி ஆய்வுக்கூட வெடிப்பொன்றில் உயிர்நீத்தார். மார்ஷல் மட்டும் கேள்வியை விடவில்லை. காற்றுப் பட்டால் ஆக்சிஜனால் இச்சரக்கு வலியிழக்கின்றது என்னும் கருத்தைக் கொண்டு, 1909-இல் அவ்வலியிழப்பின் காரணம் பற்றித் தம் சோதனைகளை வெளியிட்டார். வங்காளத்து ஆயக்காரர் அறிந்ததை ஐரோப்பிய வேதியியல் தன் மொழியிற் கூறத் தொடங்கியது அப்போதுதான்.

பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. 1930-க்குப் பின் கான் என்னும் ஆங்கில வேதியியலார், கன்னாபினாலின் கட்டமைப்பை இரண்டு ஐயம் நீங்க முழுவதும் தீர்த்தார். ஐந்து கரியணுத் தொடர் எவ்விடத்தில் ஒட்டியுள்ளது, ஹைட்ராக்சில் எவ்விடத்தில் உள்ளது என்பனவே அவ்விரண்டு ஐயங்கள். 1940-இல் அவையும் தீர்ந்தன. அமெரிக்காவில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்து ரோஜர் ஆடம்ஸ் குழுவினரும், மான்செஸ்டரில் அலெக்சாண்டர் டாடு, கோஷ், வில்க்கின்சன் ஆகியோரும் தனித்தனியே கன்னாபினாலைத் தொகுத்தாக்கிக் காட்டினர். ஆடம்ஸ் மினசோட்டாவில் தானே வளர்ந்த நார்க்கஞ்சாவிலிருந்து கன்னாபிடையாலையும் பிரித்தார். அது வளையம் மூடி டெட்ராஹைட்ரோகன்னாபினாலாகவும், அது ஹைட்ரஜன் இழந்து கன்னாபினாலாகவும் மாறும் வழியை அவர் நிறுவினார். தூய கன்னாபினாலுக்குப் பழைய செவ்வெண்ணெயின் மயக்கம் இல்லை என்பதும் இக்காலத்தே தெளிவாயிற்று. நாற்பது ஆண்டுக் காலம் தேடியது வேறு, கிடைத்தது வேறு என்பதை ஆய்வுலகம் ஒப்புக்கொண்டது.

உண்மையான மயக்கப் பொருளை லெபனான் ஆசீசிலிருந்து தூய நிலையிற் பிரித்து அதன் அமைப்பை 1964-இல் நிறுவியவர்கள் இசுரேலிய ஆய்வாளர் கவோனி, மெக்கூலம் ஆகியோர். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. டெட்ராஹைட்ரோ என்பதற்கு 'நான்கு ஹைட்ரஜன் ஏறிய' என்று பொருள். ஆக, தாயை 'நான்கு ஹைட்ரஜன் ஏறிய மகள்' என அழைக்கும் விந்தையே இப்பெயர். இவ்விந்தை சட்டத்திலும் புகுந்தது. பிரித்தானியாவின் 1971-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் கன்னாபினாலையும் 'கன்னாபினால் வழிப்பொருள்களையும்' தடைப்பட்டியலில் வைத்தது. அச்சட்டத்தின் மொழியில் டெட்ராஹைட்ரோகன்னாபினால் ஒரு வழிப்பொருளாகவே நிற்கின்றது.

இற்றைநாளில் இப்பொருளை ஆக்கும் முறை பழைய வழியை விட்டு விலகியுள்ளது. அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம், உலர் எடையில் மயக்கப் பொருள் நூற்றுக்கு 0.3-க்கு மேற்படாத செடியை நார்க்கஞ்சா எனப் பிரித்து அதன் பயிருக்கு இடங்கொடுத்தது. அச்செடியிலிருந்து கன்னாபிடையால் மலிவாகக் கிடைத்தது. கன்னாபினாலோ அதில் மிகச் சிறிதே. ஆதலின் ஆலையார் பழக வைத்துக் காத்திராமல், ஆடம்ஸ் காட்டிய வழியிலேயே கன்னாபிடையாலின் வளையத்தை மூடி ஹைட்ரஜனை நீக்கி இதனை ஆக்குகின்றனர். இடைநிலையில் மயக்கப் பொருள் தோன்றுமாதலின், அது முழுவதும் மாறியதா என்பதைச் சோதித்தறிதல் இன்றியமையாதது. உறக்கமருந்தென இதனை விற்பார் கூறும் புகழ்ச்சிக்குச் சான்று இன்னும் மெலிந்தே உள்ளது. பழங்கஞ்சா உறக்கந்தரும் என்னும் வழக்குரையை அப்பழமையிற் பிறந்த ஒரு பொருளின் மேல் ஏற்றிக் கூறுவது எளிது. அதனை மெய்ப்பித்தல் வேறு.

வரலாற்றாய்வார்க்கு இப்பொருள் பயன்படும் இடம் பிறிதொன்று. காலத்தாற் பிறப்பது காலத்துக்குச் சான்றாதல் இயல்பு. 1976-இல் ஃபேர்பேர்ன் முதலியோர், ஒளியே இச்சிதைவுக்குத் தலையாய காரணம் என்றும், இருளில் நன்கு வைத்த சரக்கு ஓரிரண்டு ஆண்டு பெரிதும் கெடாது என்றும் காட்டினர். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தார் 1990-களில் அறை வெப்பத்தில் வைத்து ஆய்ந்தபோது, மயக்கப் பொருள் முதலாண்டில் நூற்றுக்கு 16.6 பங்கும், ஈராண்டில் 26.8 பங்கும், நான்காண்டில் 41.4 பங்கும் குறைந்தது. கன்னாபினால் அதற்கேற்ப ஏறியது. 1896-க்கும் 1905-க்கும் இடைப்பட்ட உலர் சரக்குகளை ஆக்சுபோர்டு ஆய்வாளர் ஹார்வி 1990-இல் ஆய்ந்தார். கேம்பிரிட்ஜ் மூவர் காலத்துச் சரக்கு தொண்ணூறு ஆண்டில் எந்நிலையை எய்தும் என்பதை நேரிற் காட்டும் சான்று அது.

இவ்வறிவைக் கொண்டு தொல்பொருளாய்வார் மேலும் பின்னோக்கிச் சென்றுள்ளனர். சீன நாட்டுத் துர்ப்பான் பகுதியில் யாங்ஹாய் என்னுமிடத்துக் கல்லறையில் ஏறத்தாழ 2,700 ஆண்டுப் பழமையுடைய 789 கிராம் கஞ்சாச் செடிப் பகுதிகள் கிடைத்தன. வறண்ட மண்ணில் அவை பச்சை நிறங்கூட மாறாதிருந்தன. 2008-இல் வெளியான ஆய்வில் அவற்றுள் தலைமையாகக் காணப்பட்டது கன்னாபினால். 2019-இல் பாமீர் மலைநாட்டின் சிர்சாங்கல் இடுகாட்டு ஆய்வு வெளிவந்தது. எட்டுக் கல்லறைகளில் எடுத்த பத்து மரத் தூபக்கலங்களிற் பெரும்பாலானவற்றில் கன்னாபினாலின் தடயம் இருந்தது. அவை ஏறத்தாழ 2,500 ஆண்டு முற்பட்டவை. 2020-இல் இசுரேலின் தெல் அராது கோயிற் பலிபீடத்திலும் பிற கன்னாபினாய்டுகளோடு இது காணப்பட்டது.

இச்சான்றுகளை எத்துணை நம்பலாம்? கன்னாபினால் இருந்தால், அங்கு மயக்கப் பொருள் ஒருகால் இருந்தது என்பது பெரும்பாலும் துணியத்தக்கது. சிர்சாங்கல் ஆய்வாளர், கன்னாபிடையால் காணப்படாது கன்னாபினால் மிகுந்து காணப்படுதலை ஏதுவாகக் கொண்டு, அங்கு எரித்தது நார்ச்செடியன்று, வலிமிக்க வகையே என முடித்தனர். இம்முடிபு பொருத்தமுடையதே. ஆயினும் இரண்டு தடைகளை யாம் எண்ணிப் பார்க்கின்றோம். முதலாவது, இழந்த மயக்கப் பொருள் முழுவதும் கன்னாபினாலாய் மாறுவதில்லை. இடைப்பட்ட வேறு பொருள்களும் பிறக்கின்றன. ஆகவே எஞ்சியதை அளந்து தொடக்க வலிமையைக் கணக்கிடுதல் இயலாது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. கன்னாபினாலைக் காலம் ஆக்குவது போலவே தீயும் ஆக்கும். தூபக்கலத்தில் கற்களைச் சுடவைத்து அவற்றின்மேல் செடியை இட்டபோது அந்நொடியிலேயே பிறந்தது எவ்வளவு, பின்வந்த இருபத்தைந்து நூற்றாண்டுகளிற் பிறந்தது எவ்வளவு என்பதை அத்தடயம் பிரித்துக் கூறாது. எரியாத செடி கிடைத்த யாங்ஹாய்க்கு இவ்விடர்ப்பாடு இல்லை. ஆதலின் இரண்டு களங்களின் அளவுகளையும் ஒரே அட்டவணையில் நிறுத்தி ஒப்பிடும் கட்டுரைகளை மாணவர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொண்டே படித்தல் வேண்டும்.